மூக்குக்கண்ணாடியைத் துடைத்தவள்

பொய் சொல்ல எழுத்தாளர் என்றைக்கும் கூச்சப்பட்டதில்லை. முப்பத்தொரு துப்பறியும் நாவல் எழுதியவர் அதற்கெல்லாம் கூச்சப்பட்டால் பிழைப்பு நடக்காது. அதனால் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, நூலகத்தின் மாடி அறையில், நாற்பது மடக்கு நாற்காலிகளுக்கு எதிரே உட்கார்ந்து தன் எழுத்துப் பழக்கங்களைப் பற்றி அவர் அவிழ்த்துவிட ஆரம்பித்தபோது எல்லாம் சரளமாகத்தான் வந்தது.

காலை ஐந்து மணிக்கே எழுந்து எழுத உட்கார்ந்துவிடுவாராம். உண்மையில் ஏழரைக்கு முன்னால் அவரை எழுப்ப அவர் மனைவியாலேயே முடியாது. சுவரைப் பார்த்துப் போட்ட மேஜையில்தான் எழுதுவாராம். ஜன்னல் இருந்தால் புத்தி வெளியே போய்விடுமாம். இது உண்மை. கடைசி அத்தியாயத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதற்கு வருவாராம். இதுவும் உண்மை. முதல் பிணம் நாற்பதாம் பக்கத்துக்குள் விழாவிட்டால் வாசகருக்குக் கொட்டாவி வந்துவிடும் என்றபோது கூட்டம் சிரித்தது. "இந்தக் கருவெல்லாம் எங்கேருந்து சார் பிடிக்கிறீங்க?" என்று முன்வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். "பேப்பர்ல மூலையில நாலு வரியில ஒரு செய்தி வரும் பாருங்க, அங்கேருந்துதாம்மா" என்றார். இது கலப்படமில்லாத பச்சைப் பொய்.

அவருக்குக் கரு கிடைத்ததெல்லாம் மனிதர்களின் வாயிலிருந்து. பல் டாக்டரின் காத்திருப்பு அறை, வங்கி வரிசை, பஸ்ஸின் கடைசி இருக்கை என்று எங்கே போனாலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்காருவார். சின்ன வயதிலேயே வீட்டில் அவருக்குப் 'பூனை' என்று பெயர். பெரியவர்கள் பேசும்போது சத்தமில்லாமல் வந்து கதவோரம் நிற்பதைப் பார்த்து அக்கா வைத்தது. கேட்டதைக் கதையாக்குவதற்கு அவர் ஒரு விதி வைத்திருந்தார். ஆளின் பெயர், வயது, வேலை, வீடு எல்லாவற்றையும் மாற்றிவிடுவார். அந்த ஆள் கையால் செய்த சின்னக் காரியத்தை மட்டும் மாற்றமாட்டார். அதைத் தொட்டால் கதைக்கு உயிர் போய்விடும் என்பது அவர் கணக்கு.

மாட்டிக்கொள்ளும் பயமும் இருந்ததில்லை. தெருமுனை மருந்துக்கடைக்காரரை ஒரு நாவலில் கூட்டாளிக்கு விஷம் வைப்பவராக ஆக்கியிருந்தார். மாத்திரை அட்டையை வெட்டுவதற்கு முன்னால் கத்தரிக்கோலை இரண்டு முறை காற்றில் வெட்டிப் பார்ப்பாரே, அதுவரைக்கும் அப்படியே. மனிதர் நாலு பிரதி வாங்கிச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார். "அந்த வில்லன் அச்சு அசலா என் மச்சான் சார்" என்று பூரித்துப்போனார். ஊரில் எல்லாரும் அடுத்தவரைத்தான் கதையில் தேடுவார்கள், தன்னைத் தேடமாட்டார்கள் என்று அன்றோடு எழுத்தாளருக்குத் தைரியம் வந்துவிட்டது.

அந்தத் தைரியம் இந்தச் சனிக்கிழமை மூன்றாவது வரிசையைப் பார்த்ததும் போய்விட்டது. அங்கே அக்கா உட்கார்ந்திருந்தாள்.

எப்போது வந்தாளோ தெரியவில்லை. கைப்பை தோளில் இருந்தது. மடியில் அவருடைய புது நாவல். பிளாஸ்டிக் உறை போட்ட நூலகப் பிரதி. நடுவே பஸ் டிக்கெட்டை மடித்து அடையாளம் வைத்திருந்தாள். எந்த நாவல் வந்தாலும் எழுத்தாளர் முதல் பிரதியை அக்கா கையில் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பார். இந்தப் புத்தகம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. "பதிப்பகத்துலேருந்து இன்னும் பிரதி வரலைக்கா" என்று மூன்று முறை ஃபோனில் சொல்லியிருந்தார்.

காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பிய அத்தான் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். மாரடைப்பு. துக்கமெல்லாம் ஓய்ந்து இரண்டு மாதம் கழித்து, சமையலறையில் இவரை உட்காரவைத்து அக்கா ஒன்று சொன்னாள். அவர் விழுந்ததும் மூக்குக்கண்ணாடி கழன்று செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் போய்விட்டதாம். இவள் அதை எடுத்தாளாம். கைக்குட்டையால் இரண்டு பக்கமும் துடைத்தாளாம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாளாம். படுக்கையறைக்குப் போய் அதன் பெட்டியைத் தேடி எடுத்து, உள்ளே வைத்து மூடிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தாளாம்.

"ஏன் அப்படிப் பண்ணேன்னு எனக்கே தெரியலைடா பூனை. உடனே கூப்பிட்டிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா கண்ணை மூடினா அந்தக் கைக்குட்டைதான் வருது. நீ யார்கிட்டயும் சொல்லிடாதே."

எழுத்தாளர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியது. அது நடிப்பில்லை. "நான் யார்கிட்டக்கா சொல்லப்போறேன்" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். யாரிடமும் சொல்லவில்லை. ஆறாயிரம் பிரதி அச்சடித்தார், அவ்வளவுதான். புது நாவலில் மாத்திரையை மாற்றிவைத்துக் கணவனைக் கொல்கிற மனைவி வருகிறாள். அவள் பாட்டு டீச்சர், புருஷன் தோல் வியாபாரி, வீட்டுக்கு இரண்டு மாடி. கண்ணாடியைத் துடைத்துப் பெட்டியில் வைத்த கை மட்டும் அக்காவுடையது. "பதறிப்போன பெண் கண்ணாடி துடைக்கமாட்டாள்" என்று இன்ஸ்பெக்டர் கடைசி அத்தியாயத்தில் அவளை மடக்குகிறார். அதை எழுதி முடித்த அன்று எழுத்தாளர் தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

இப்போது கேள்வி நேரம் வந்தது. அக்கா கையைத் தூக்கினாள். எழுத்தாளர் பார்க்காததுபோல, ஓய்வுபெற்ற ஒரு தபால்காரரின் பக்கம் திரும்பினார். பேனாவா கம்ப்யூட்டரா என்ற கேள்விக்குப் பத்து நிமிஷம் பதில் சொன்னார். கை இறங்கவில்லை. அடுத்து ஒரு பல் டாக்டர், அடுத்து ஒரு வக்கீல். கூடப் பிறந்தவள் தூக்கிய கையைத் தாண்டித் தாண்டி ஆளைத் தேடுவது அவருக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் தேடினார்.

நூலகர் அம்மாள்தான் விடவில்லை. "மூணாவது வரிசையில அவங்க ரொம்ப நேரமா கையைத் தூக்கிட்டிருக்காங்க சார்" என்று மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

அக்கா எழுந்து நின்றாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எழுத்தாளர் சாருக்கு ஒரு கேள்வி" என்றாள். தன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவள் வாயிலிருந்து 'சார்' வந்ததும் எழுத்தாளருக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. "இந்தக் கதையில அந்தப் பொண்ணு ஃபோன் பண்றதுக்கு முன்னாடி கண்ணாடியைத் துடைச்சு வைக்குறா. அவ ஏன் சார் அப்படிப் பண்ணா?"

திட்டுவதற்காகக் கேட்கவில்லை. குரலில் கோபமே இல்லை. மூன்று வருஷமாக விடை தெரியாத ஒன்றை, விடை தெரிந்திருக்கக்கூடிய ஒருவனிடம் கேட்கிறாள் என்பது எழுத்தாளருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. எனக்குத் தெரியாதும்மா, அவளுக்கே தெரிஞ்சிருக்காது என்று சொல்லியிருக்கலாம். புருஷன் பிழைத்து வீடு திரும்பினால் கண்ணாடி வேண்டியிருக்குமே என்று கை தானாகச் செய்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நாற்பது முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. முன்வரிசைப் பெண் குறிப்பெடுக்கப் பேனாவைத் திறந்துவிட்டாள். கதையில் அவள் கொலைகாரி. முப்பத்தொரு நாவல் எழுதியவர் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"நல்ல கேள்வி" என்றார் எழுத்தாளர். "புருஷன் மேல உண்மையா பாசம் இருக்குற எவளும் அந்த நேரத்துல கண்ணாடி துடைக்கமாட்டா. நெஞ்சுல ஈரம் இல்லாதவ அவ. வெளியில எவ்வளவு அழுதாலும் கை காட்டிக்கொடுத்துடும். அதைச் சொல்லத்தான் அந்தக் காட்சியை வச்சேன்."

கூட்டம் கை தட்டியது. வக்கீல் தலையை ஆட்டிக்கொண்டே இன்னும் கொஞ்சம் தட்டினார். அக்கா "ஓ" என்றாள். மைக்கை நூலகரிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். எழுத்தாளர் தண்ணீர் குடித்தார். சீ, நானும் ஒரு மனுஷனா என்று உள்ளுக்குள் ஒன்று காறித் துப்பியது. எழுந்துபோய் மைக்கில் மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். கேட்டால் யாரிடம், எதற்கு என்று நாற்பது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் மூடி வைத்ததை அவரே இன்னொரு முறை திறந்து காட்டினதாகிவிடும். வாயைத் திறக்க இடமில்லாமல் தானே கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

கையெழுத்து வாங்க வரிசை நின்றது. தலையைத் தூக்கத் தெம்பில்லாமல், வந்த புத்தகங்களை வாங்கி வாங்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "யார் பேருக்குப் போடணும்?" என்று அடுத்த புத்தகத்தை இழுத்தபோது பிளாஸ்டிக் உறை விரலில் வழுக்கியது.

"இது லைப்ரரி புக்கு. கிறுக்கி வைக்காதே" என்றாள் அக்கா.

"அக்கா..."

"பின்னாடி ஆளுங்க நிக்குறாங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அன்னிக்கு நான் அதைச் சொல்லிட்டு அழுதப்போ என் கையைப் பிடிச்சுட்டிருந்தியே, அப்பவே என்னைப் பத்தி இப்படித்தான் நினைச்சியா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல. ஒரு நாள்கூட அப்படி நினைச்சதில்ல. கதைக்காகத்தான்..."

அக்கா புத்தகத்தை அவர் கையிலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது அவருக்கு.

"நினைச்சிருந்தாக்கூடப் பரவாயில்லைடா" என்றாள். "அப்போ மனசுல பட்டதை எழுதியிருக்கான்னு விட்டிருப்பேன். நினைக்காமலேயே எழுதியிருக்கியே."

புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். முட்டி வலிக்காக ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினாள். எழுந்து ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிப்போக எழுத்தாளருக்கு ஆசைதான். அந்தக் கையை எந்த முகத்தோடு பிடிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"சார்?" அடுத்ததாக நின்ற கல்லூரிப் பெண் புத்தகத்தை விரித்து நீட்டினாள். "அந்தக் கண்ணாடி சீன் பிரமாதம் சார். அது எப்படி சார் உங்களுக்குத் தோணுச்சு?"

"எனக்குத் தோணலம்மா" என்றார் எழுத்தாளர். "திருடினது."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். திரும்பிப் பின்னால் நின்றவர்களிடம் அதைச் சொன்னாள், அவர்களும் சிரித்தார்கள். "எவ்வளவு அடக்கம் பாருங்க" என்றார் வக்கீல். எழுத்தாளர் அவள் பெயரைக் கேட்டு எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.