ஆறு பேரில் ஆறாவது ஆள்

மொன்றியல் துறைமுகத்தில் கொன்டெய்னர்களின் இலக்கங்களைச் சரிபார்ப்பது அருமைராசாவுக்குப் பிழைப்பு. பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணிகளின் கோச்மாரைச் சரிபார்ப்பதுதான் அவருக்கு உயிர். பிழைப்பிலே அவர் ஒருநாளும் பிழை விட்டதில்லை. வினை மற்றதால்தான் வந்தது.

மன்னாரில் அவர் ஆடிய உதைபந்தாட்டம் வேறு, கனடாவின் இந்த உதைபந்தாட்டம் வேறு. இது முட்டைவடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆளையாள் இடித்து விழுத்தும் ஆட்டம். மூன்று தடவைக்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும். மூன்றாம் தடவை வந்துவிட்டால் துணிந்த கோச் இடித்துக்கொண்டு ஓடச் சொல்லுவான், பயந்தவன் பந்தை உதைத்து எதிராளியிடம் கொடுத்துவிடச் சொல்லுவான். துறைமுகச் சாப்பாட்டறைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்தே மனிதர் இதில் கரைகண்டுவிட்டார். தமிழ்க் கடைகளில் இலவசமாய்க் கிடைக்கும் வாரப் பத்திரிகையில் பதினைந்து வருஷமாக விளையாட்டுப் பக்கமும் எழுதுகிறார். ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும், ஆட்டங்கள் தொடங்க முன்னர், கியூபெக்கின் ஆறு அணிகளுடைய தலைமைக் கோச்மாரையும் முதலாம் ஆள், இரண்டாம் ஆள் என்று அடுக்கிவிடுவார். ஆட்டத்தின் தலைகால் தெரியாதவர்கள்கூட அதை விழுந்து விழுந்து வாசிப்பார்கள். ஆறு வெள்ளைக்காரருக்கு எங்கட ஆளொருவர் புள்ளி போடுகிறார் என்றால் சும்மாவா!

2006ஆம் வருஷம் ஆறாவது இடம் பெல்றோஸ் என்ற கோச்சுக்குப் போனது. ஷெரோன் படிக்கிற பல்கலைக்கழகத்தின் கோச் அவர். ஷெரோன் அருமைராசாவின் ஒரே மகள். விளையாட்டுக் காயங்களைப் பார்க்கிற தெரப்பிஸ்ட் படிப்பில் அவளுக்குக் கடைசி வருஷம். ஒரு பருவம் முழுக்க அணியோடு மைதான ஓரத்தில் நின்று வேலை பழகினால்தான் பட்டம். இருந்தது ஒரே ஒரு இடம், கேட்டது இரண்டு பேர், தெரிந்தெடுப்பது பெல்றோஸ்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரே?" என்று மனைவி றெஜினா தலையில் கைவைத்தாள். "பிள்ளை அந்த மனுசனிட்டையெல்லே இடம் கேட்டிருக்கிறாள்?"

"நான் தமிழிலைதானே எழுதுறன். அவன் எங்கை வாசிக்கப்போறான்?"

இது அருமைராசாவின் தனிப் புத்தியல்ல. மொன்றியலில் எங்கட சனம் முழுக்க நம்பியிருக்கிற வேதம். மெட்ரோவில் பக்கத்தில் நிற்கிறவனின் மூக்கைப் பற்றி அவன் மூக்குக்கு நேரேயே கதைப்போம். தமிழ்தானே, ஆருக்கு விளங்கும்! பெற்ற மகளுக்கே தமிழ் எழுத்து ஓடாது என்றுதான் அருமைராசா நினைத்திருந்தார். வீட்டில் தமிழ் கதைப்பாளே தவிர, ஷெரோன் பிரெஞ்சில் படித்து, பிரெஞ்சில் சண்டைபிடித்து, பிரெஞ்சில் சிரிக்கிறவள்.

ஆனால் பத்திரிகை ஆசிரியர் உருத்திரமூர்த்திக்கு அந்த முறை ஒரு கலையார்வம் வந்துவிட்டது. ஆறு பேரின் படங்களையும் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ளங்கையளவில் இலக்கம் போட்டார். இலக்கத்துக்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

பயிற்சி மைதானத்துக்குப் பக்கத்துத் தெப்பனேர், அதுதான் மூலைக்கடை, ஒரு தமிழருடையது. அங்கே கோப்பி வாங்கப் போன பெல்றோஸ், காசு கொடுக்கிற இடத்தில் தன்னுடைய முகத்தையே கண்டார். பக்கத்தில் 6. எண்ணிப் பார்த்தார், படங்களும் ஆறு. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போய், தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ப் பிள்ளையான ஷெரோனிடம் நீட்டி, எழுதியவர் யாரென்று விசாரித்தார். அவள் மறைக்கவில்லை.

"நாளைக்கு உங்களையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்" என்று அன்று பின்னேரம் வீட்டில் வந்து சொன்னாள். றெஜினா மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், அதுவே போதும்.

அடுத்தநாள் பெல்றோஸின் அறையில் அருமைராசா கதிரை நுனியில் இருந்தார். பெல்றோஸ் கதவை அடைக்கிற அளவு ஆள். அவர் பத்திரிகையை அருமைராசாவிடம் கொடுத்தார். "எழுதியவரே வாசிக்கட்டும். மகள் பிரெஞ்சில் சொல்லட்டும். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்."

அந்த நேரம்தான் அருமைராசாவுக்கு மூளை மின்னியது. கையில் இருப்பது தமிழ். வாசிக்கப்போவது தான். மகளுக்கோ வாசிக்கத் தெரியாது, காதால் கேட்பதைத்தான் சொல்லுவாள். அடடா! தொண்டையைச் செருமிக்கொண்டு, பத்திரிகையைப் பார்த்தபடியே அவிழ்த்துவிட்டார்.

"பெல்றோஸ் ஒரு சிங்கம். இவரைப்போல ஒரு துணிஞ்ச கோச்சை இந்த மாகாணம் இன்னும் காணேல்லை."

ஷெரோன் தகப்பனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பெல்றோஸின் முகத்தைப் பார்த்து நிதானமாகப் பிரெஞ்சில் சொன்னாள்: "மூன்றாம் தடவை வந்தால் பெல்றோஸுக்குக் கை நடுங்கும்."

துறைமுகப் பிரெஞ்சு அருமைராசாவுக்குப் போதுமான அளவு இருந்தது. 'நடுங்கும்' என்ற சொல் நன்றாகவே விளங்கியது. ஐயோ, மாதாவே!

"இவரின்ரை கெட்டித்தனத்துக்கு முதலாம் இடமே காணாது" என்று குரலை உயர்த்தினார்.

"ஒரேயொரு யார் தூரம்தான் இருந்தாலும் பந்தை உதைத்துக் கொடுத்துவிடுவார்" என்றாள் அவள். "எங்கள் அக்னெஸ் மாமி கோயிலில் முன்வாங்கில் இடம் பிடிக்க இதைவிடத் துணிவாக இடித்துக்கொண்டு போவா."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?" என்று அருமைராசா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"எழுதியிருக்கிறதை."

பெல்றோஸ் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். "உன் அப்பா வாசித்தது இதுதானா?"

"இல்லை. அவர் பயத்தில் வேறு ஏதோ சொல்கிறார். நீங்கள் கேட்டது எழுதியிருப்பதை."

முடிந்தது கதை, பிள்ளையின் இடமும் போச்சு, பட்டமும் போச்சு என்று அருமைராசா கண்ணை மூடினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தான் பெற்ற பிள்ளையையும் சேர்த்தல்லவா கெடுத்துவிட்டது! நாசமாய்ப்போன எழுத்து. துறைமுகத்தில் இலக்கம் பார்த்துக்கொண்டு சிவனே என்று இருந்திருக்கலாம்.

"போன வருஷம்," என்றார் பெல்றோஸ், மெதுவாக, "ஒரு பையனின் முழங்கால் வீங்கியிருந்தது. விளையாடலாமா என்று நான் கத்திக் கேட்டேன். தெரப்பிஸ்டுக்கு என்னைக் கண்டால் பயம். விளையாடலாம் என்றான். அந்தப் பையன் இன்னும் நொண்டுகிறான்." ஷெரோனை விரலால் சுட்டினார். "மைதான ஓரத்தில் எனக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லுகிற ஒரு ஆள் வேண்டும். சனிக்கிழமை ஏழு மணிக்கு வந்துவிடு."

ஷெரோன் தலையாட்டினாள்.

பெல்றோஸ் அருமைராசாவின் பக்கம் திரும்பி, கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல இரும்புப் பிடி. "இன்னும் நான் ஆறாவது ஆள்தானா?"

அருமைராசாவுக்கு 'ஐந்து' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகள் பக்கத்தில் நின்றாள்.

"ஆறுதான்" என்றார் தனது பிரெஞ்சில். பெல்றோஸ் வெடித்துச் சிரித்தார்.

வெளியே காருக்குள் ஏறிய அருமைராசா திறப்பைப் போட்டுவிட்டுத் திருப்பாமல் இருந்தார். சந்தோஷம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். இத்தனை வருஷம் கோச்மாரின் துணிவுக்குப் புள்ளி போட்டவர், தன்முறை வந்தபோது பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டாரே.

"நான் பயந்துபோனன் பிள்ளை."

"தெரியும் அப்பா. எனக்கும் பயம்தான்."

அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. பத்திரிகை முழுநேரமும் அவர் கையில்தான் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. என்றாலும் ஒரு சொல் பிசகவில்லை, அக்னெஸ் மாமி உட்பட.

"உனக்கெப்பிடி அது பாடம்? அம்மா வாசிச்சுக் காட்டினவவோ?"

"அம்மா உங்கடை எழுத்தை எங்கை வாசிக்கிறவ?" ஷெரோன் சீற்பெல்ற்றை இழுத்துப் போட்டாள். "நான்தான் வாசிக்கிறனான். ஒவ்வொரு கிழமையும், சின்னனிலையிருந்து. உங்கடை பக்கத்தை வாசிக்கத்தான் அப்பா நான் எழுத்துக்கூட்டிப் பழகினது."

"ஒருநாளும் சொல்லேல்லையே!"

"நீங்கள் கேக்கேல்லையே."

அருமைராசா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி அழுதார். பிறகு சிரித்தார். பிறகு, போன கிழமை அவர் எழுதினதில் ஒரு பிழை இருந்தது என்று மகள் தொடங்க, என்ன பிழை, எங்கே பிழை என்று அந்த இடத்திலேயே அவளோடு சண்டைக்குப் போனார்.