ஸ்ரிங்கா மேடு

ரியேகா நகரில் மூடிக் கிடக்கும் காகித ஆலைக்குள், ஸ்கேட்போர்டு ஓட்ட நாங்களே கான்கிரீட் சரிவு போட்டோம். ஆகஸ்ட் வெயில். எங்களில் ஒருத்தியான ஸ்ரிங்கா கரணையால் இழைத்து முடிப்பதற்குள் கலவை இறுகி, சரிவின் நடுவே ஒரு மேடு நின்றுவிட்டது. உடைத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ஆனால் பூசியவர்தான் முதலில் இறங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கான்கிரீட் நன்றாகக் காய்ந்ததும், ஒரு வாரம் கழித்து அவள் இறங்கினாள். மேட்டில் ஏறிப் பறந்து, எதிர்ச்சுவரில் ஆளுயரத்தில் சக்கரத் தடம் பதித்துவிட்டுத் திரும்பினாள்.

அடுத்த மாதம் கிராட்ஸ் நகரிலிருந்து லோரென்ஸ் என்றொருவன் வந்தான். நகராட்சி கட்டிக்கொடுத்த வழுவழுத் தளத்தில் ஓட்டிப் பழகியவன்.

"என்னப்பா இது? கண்ண மூடிக்கிட்டுப் பூசினீங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாய்ப்பேச்சு அப்புறம். முதல்ல இறங்கிக் காட்டுடா!"

மூன்று முறை விழுந்தான். நான்காவது முறை பறந்தான். அதன்பின் பொழுது சாயும்வரை அவனை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை.

நேற்று ஒரு படம் அனுப்பினான். கிராட்ஸில் ஒரு பாலத்துக்கு அடியில், அவனும் நண்பர்களுமே போடும் சரிவு. கீழே ஒரு செய்தி:

"கலவை ஈரமா இருக்கு. மேடு நாலு விரல் உயரமா, அஞ்சா? ஸ்ரிங்காகிட்ட சீக்கிரம் கேட்டுச் சொல்லு. தப்பா வந்துடக் கூடாது."