தொடையில் இருந்த தகடு

"போர்வையை விலக்காதீங்க அண்ணி, இப்பதான் மடிச்சு விட்டேன்," என்றாள் தம்பி மனைவி.

அக்கா கேட்கவில்லை. இறந்து கிடந்த தம்பியின் இடது தொடையில் ஓடிய நீளத் தழும்பைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். எழுபத்தொன்பது வயதிலும் அவள் முதுகு யாருக்கும் வளைந்ததில்லை.

கூடத்தில், தம்பியோடு காந்த நிலையத்தில் வேலை பார்த்தவர் கையில் இரங்கலுரைத் தாளோடு காத்திருந்தார். உடலை எடுக்குமுன் படிக்கப்போகிறார். பூமியின் காந்தம் இந்த வட்டாரத்தில் மட்டும் வருஷத்துக்கு வருஷம் மெலிகிறது என்று தம்பி இருபத்தெட்டு வருஷம் அளந்து சொன்னது, அடுத்த மாதம் அவன் பெயரோடு புதிய வரைபடத்தில் ஏறுகிறது.

குடும்பத்துக்கே பெருமைதான். அக்காவுக்கு மட்டும் அது பெருமையாகப் படவில்லை. நிலையத்தில் காந்தத்தை அளவெடுக்கும் குடிசைக்குள் சாவி, ஊக்கு எதுவும் ஆகாது; இரும்பு இருந்தால் அளவு தப்பிவிடும். தம்பி பெல்ட்டைக்கூடக் கழற்றிவிட்டுக் கால்சட்டையை நாடாவால் கட்டிக்கொண்டு போவான். அப்படிப்பட்டவன் அவள் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த இடத்தில் பைக்கிலிருந்து விழுந்தான். உடைந்த எலும்புக்கு டாக்டர் தகடு வைத்தார். "ஆபீஸ்ல மூச்சு விடாதே, வேலை போயிடும்," என்று அவன் வாயை அடைத்தது அவள்தான். காந்தம் மெலிய ஆரம்பித்ததும் அதே வருஷம்.

பொய்ப் புகழ் இந்த வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. தாளோடு காத்திருந்தவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அதைப் படிக்காதீங்க. இவன் கால்ல இரும்பு இருக்கு. அதோடதான் குடிசைக்குள்ள போயிருக்கான். பூமி ஒண்ணும் மெலியல. எல்லாம் இவன் கால் பண்ண வேலை."

அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் திசைகாட்டியை எடுத்துத் தழும்பின் மேல் கொண்டுபோனார். முழங்காலிலிருந்து இடுப்பு வரை நகர்த்தினார். ஊசி கொஞ்சமும் திரும்பவில்லை.

"இது காந்தத்துக்கு மசியாத உலோகம்க்கா. வேலைக்குத் திரும்பின அன்னிக்கே எங்க எல்லார் முன்னாடியும் இப்படி வெச்சுக் காட்டிட்டான். அப்புறம்தான் உள்ளேயே விட்டோம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் சொல்லச் சொல்லிப் பார்த்தேன் அண்ணி," என்ற தம்பி மனைவிக்கு, அழுது வீங்கிய முகத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "'அக்கா வர்றப்பல்லாம் என்னை ஓரமா இழுத்து, யாருக்கும் தெரியாதேன்னு கேக்கும். கோட்டையையே காவல் காக்கற மாதிரி முகத்தை வெச்சுக்கும். அதைப் போய்க் கெடுக்கச் சொல்றியா'ன்னுவாரு. உங்களுக்காகக் கொஞ்சம் நொண்டியும் காட்டுவாரு."

"நொண்டினதும் பொய்யா?"

"நீங்க வர்ற அன்னிக்கு மட்டும்."

அவர் தாளைத் தூக்கிக் காட்டினார். "படிக்கலாமாக்கா?"

"படிங்க. கடைசி வரிசைக்கும் கேக்கணும்."

அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து, தம்பியின் தொடையில் சுள்ளென்று ஓர் அடி வைத்தாள். அதன்பின் அங்கிருந்து கையை எடுக்கவில்லை.