நஹ்லா வீட்டு ஆந்தூரியம்

என் வாய்தான் எனக்குச் சத்துரு. எதிர்வீட்டு நஹ்லாவின் ஆந்தூரியம் அந்தக் குளிர்காலத்தில் முதல் பூ விட்டிருந்தது. மெழுகு பூசினாற்போல் பளபளவென்று சிவப்பு. "அடியாத்தி, என்ன அழகு!" என்றேன். கண்ணேறு படாமலிருக்கக் கூடவே "மாஷா அல்லாஹ்" சொல்ல மறந்துவிட்டேன். அவள் முகம் சுருங்கியது. கைக்குழந்தை ரீமை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டாள்.

மறுவாரம் இலைகள் தொங்கிவிட்டன. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகாமல் என்ன செய்யும்? ஆனால் பழி என் கண்ணுக்கு. செடி வாடினால் அடுத்தது குழந்தைதான் என்று யாரோ ஓதிவிட, அவள் வீட்டில் ஓயாமல் கரிக்கங்கில் சாம்பிராணி. என்னைக் கண்டால் கதவைப் படீரென்று சாத்துவாள். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அன்று காலை அலெக்சாண்ட்ரியாவில் புயல் மழை. அந்தச் செடிக்குக் குளிர் ஆகாதென்று ஜன்னல் இடுக்கிலெல்லாம் அவள் துணி அடைத்திருந்தாள். படியேறும்போது அவள் கதவடியில் கரி வாடை. உள்ளே ரீமின் சத்தமே இல்லை. பசித்தாலும் அழும், பசி தீர்ந்தாலும் அழும் பிள்ளை அது. மூடிய அறையில் கரியடுப்பின் நச்சுப்புகைதான் என் தம்பியைக் கொண்டுபோனது.

கதவை இடித்தேன்.

"யாரு?" அவள் குரல் குழறியது.

"நான்தாண்டி, இன்சாஃப். ஜன்னலத் தெற! கதவத் தெற!"

"போயிடுக்கா... உன் கண்ணே வேணாம். பாப்பா தூங்குது."

"எழுப்பிப் பாருடி!"

தாழ்ப்பாள் அசையவில்லை. வேறு வழி தெரியாமல் கத்தினேன்: "தெறக்கலைன்னா உன் புள்ள அழக இங்கயே நின்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்! என்ன கன்னம், என்ன இமை!"

"ஐயோ, வாய மூடு!"

தாழ்ப்பாள் விலகியது. என் வாயைப் பொத்த வந்தவள் வாசலிலேயே சரிந்தாள்.

அவளைத் தாண்டி ஓடி ஜன்னலைத் தள்ளினேன். ஜன்னல் திண்டிலிருந்த ஆந்தூரியத் தொட்டி தெருவில் விழுந்து நொறுங்கியது. தொட்டிலில் ரீம் துவண்டு கிடந்தாள். அள்ளிக்கொண்டு வெளியே படிக்கட்டுக்கு வந்து முதுகைத் தேய்த்தேன். அல்லாஹ், அல்லாஹ் என்பதைத் தவிர என் வாயில் வேறு சொல் வரவில்லை. ஒரு சின்ன இருமல். பிறகு முனகலாக அழுகை.

கீழ்வீட்டுக்காரர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நஹ்லா தவழ்ந்தே வந்தாள். அவளைக் கண்டதும் பயந்து, குழந்தையிடமிருந்து என் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் என் காலைப் பிடித்தாள்.

"எனக்குக் கண்ணு இருட்டுதுக்கா. மூச்சு வருதான்னு நீ பாரு. பாத்துக்கிட்டே இரு. கண்ண எடுக்காத."