நாற்பத்தொன்று புள்ளி மூன்று

டெஸ்ட் ரிப்போர்ட்டின் நாற்பதாவது பக்கத்தைப் புரட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லாக் கேபிளும் நாற்பத்தொன்று புள்ளி மூன்று மீட்டர். சர்வர் அறையில் கதவோரத்து ரேக்குக்குப் பத்து மீட்டர் போதும். கடைசி வரிசைக்கு எண்பதைத் தாண்டும். இருநூற்று எண்பத்தெட்டும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நீளமா? கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போயிற்று!

எல்லாம் அத்தான் வேலை. கேபிள் போடும் காண்ட்ராக்ட் அவருடையது, சோதித்துத் தருவது அவள் பொறுப்பு. அவள் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தபோது, நல்ல கேபிள் ஒன்றையே டெஸ்டரில் மாட்டி, கேபிள் எண்ணை மட்டும் மாற்றி மாற்றிச் சேமித்திருக்கிறார். மற்றவை? தரையில் கிடந்த மிச்சத் துண்டை நறுக்கிப் பார்த்தாள். உறையில் ‘கேட் சிக்ஸ் ஏ’ என்று அச்சு. பத்து ஜிகாபிட் வேகத்தில் ஈதர்நெட் இணைப்பு நூறு மீட்டர் ஓடும் என்பதற்கு அதுதான் உத்தரவாதம். உள்ளே இருக்கவேண்டிய சுத்தச் செம்புக்குப் பதில், செம்பு முலாம் பூசிய அலுமினியம். நகத்தால் சுரண்டியதும் வெளுத்தது. த்தூ! ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சோதித்தவர் என்று அவள் பெயர். பத்து வருஷம் முட்டி தேயத் தரையில் தவழ்ந்து சம்பாதித்த பெயர்.

“என் பாஸ்வேர்ட் போட்டாதானே, அத்தான், டெஸ்டர் திறக்கும்?”

ரேக் கதவில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார் அத்தான். “உங்க அக்காவையே கேளு.”

கேட்டாள். போனில் அக்கா குரலில் ஓர் உறுத்தலும் இல்லை. “நான்தான்டி சொன்னேன். நீ வீட்ல தட்டுறப்போ பாத்திருக்கேன். குடும்பத்துக்குள்ள என்னடி உன்னுது, என்னுது?”

அத்தான்மேல் அருவருப்பு இன்று நேற்று வந்ததில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அக்காமேல் வந்ததைத்தான் விழுங்க முடியவில்லை. போனை வைத்தாள்.

லிஃப்ட் திறந்தது. வேலையை ஏற்றுக்கொள்ள வந்த இன்ஜினீயர், பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்: “எல்லாம் பாஸ்தானே மேடம்?”

“நூத்துக்கு நூறு சார்,” அத்தான் முந்திக்கொண்டார். “நம்ம மச்சினி டெஸ்ட் பண்ணா அப்பீலே கிடையாது.”

அவள் ரிப்போர்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டெஸ்டரை நீட்டினாள். “நீங்களே ஒரு கேபிளை எடுத்து டெஸ்ட் பண்ணுங்க சார். எது வேணும்னாலும்.”

“ஏய்… அக்காவை நெனச்சுப் பாரு,” என்று அத்தான் அவள் காதருகே சீறினார். பல்குச்சி இன்னும் உதட்டில் ஒட்டியிருந்தது. அவள் கையில் போன் அதிர்ந்தது. திரையில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். இன்ஜினீயரின் விரல் நீலக் கேபிள் வரிசைமேல் மெல்ல நகர்ந்து, பதினேழாவதில் நின்று, அதன் நுனியை அழுத்தி வெளியே இழுத்தது.