பதினெட்டு அடி வீட்டின் மிச்சம்

வெண்ணந்தூர் நெசவாளர் தெருவில் மாரக்காள் கட்டிய வீடு, வெளியே அளந்தால் பதினெட்டு அடி நீளம். உள்ளே அளந்தால் அன்றைக்கு அவள் நெடுக இழுத்துக் கட்ட வேண்டிய பாவு நூலின் நீளம். வேட்டிப் பாவுக்கு ஒரு நீளம் போகும், சேலைப் பாவுக்கு அதற்கும் மேலே போகும், பாவைச் சுருட்டியதும் பழையபடி பதினெட்டு அடிக்கு வந்து நிற்கும். இதில் தெருவுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. வயிற்றெரிச்சல்தான் இருந்தது. தறியில் ஏற்றும் முன் நூலை நெடுக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக் காயவைக்க ஊருக்கு இருந்தது திறந்தவெளிப் பாவடி ஒன்றுதான். ஐப்பசி மழை பிடித்தால் பாவடி சேறாகிவிடும், தெரு முழுக்கத் தறி நின்றுவிடும். மாரக்காள் தறி மட்டும் கூரைக்குக் கீழே சடசடவென்று ஓடிக்கொண்டிருக்கும். பசியோடு படுத்திருப்பவன் காதில் அந்தச் சத்தம் எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நெசவாளர்கள் கஞ்சித் தொட்டிக்கு வரிசையில் நின்ற காலத்தில்தான் அந்த வீடு எழும்பியது. மாரக்காளின் புருஷன் சென்னிமலைக்கும் அவன் அண்ணன் காளியண்ணனுக்கும் பாகம் பிரிந்தது. பெரிய வீட்டைக் காளியண்ணன் வைத்துக்கொண்டான். மாடு கட்டியிருந்த ஒடுக்கமான துண்டைத் தம்பிக்குத் தள்ளினான். “அண்ணன் பார்த்துக் குடுத்தாச் செரிதானுங்க” என்று சென்னிமலை தலையாட்டிவிட்டு வந்தான். மாசி மாதம் முழுக்க மாரக்காள் அந்தத் துண்டிலேயே கிடந்தாள். தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டாள், அழித்தாள், மறுபடியும் போட்டாள். சோறு தண்ணீர் மறந்த சந்தோஷம் அது. கோட்டைப் பார்த்துத் தனியாகச் சிரித்ததைப் பார்த்தவர்கள் உண்டு. வீடு எழும்பியதும் தறிக்குழியின் கால்மிதியிலிருந்து ஒரு கயிறு தொட்டிலுக்குப் போனது, நெய்ய நெய்யப் பிள்ளை தூங்கியது. இன்னொரு கயிற்றை இழுத்தால் கூரையில் நாலு ஓடு நகர்ந்து பாவின் மேல் வெயில் விழுந்தது. கழற்றி இரண்டு கல்லின் மேல் போட்டால் கதவே கட்டிலானது. முதல் மழையன்று பாவின் ஒரு முனையைப் பின்சுவரில் கட்டிவிட்டு அவள் முன்பக்கம் நடந்தாள். வாசலுக்கு வந்த பிறகும் பாவு தொய்ந்தே கிடந்தது. இன்னும் இழுத்தாள், பின்சுவர் தள்ளிப்போய் இடம் கொடுத்தது. அவள் கைதட்டினாள். சென்னிமலை கும்பிட்டான்.

தெரு கும்பிடவில்லை. அவள் கோழியை யாரோ கழுத்தைத் திருகி வாசலில் போட்டார்கள். அவள் குடத்தோடு வந்தால் கிணற்றடியில் பேச்சு நின்றது. பிடித்த வேலையைச் சிரித்த முகமாகச் செய்கிற பெண்பிள்ளையை ஊர் லேசில் மன்னிக்காது, எங்கள் ஊர் அதில் ஒருபடி மேல். காளியண்ணனின் பாவு இரண்டு வருஷம் அடுத்தடுத்து மழையில் மக்கிப்போனதும் அவன் ஊர்க்கூட்டம் கூட்டினான். தம்பி மனைவி, புருஷனின் அண்ணனோடு முகத்துக்கு நேரே பேசுவது அங்கே வழக்கமில்லை. மாரக்காள் தூணுக்குப் பின்னால் நின்றாள்.

“பதினெட்டடிதான் நான் குடுத்தது. அதுக்கு மேல போறது எம்படதுங்க” என்றான் காளியண்ணன்.

“நெலத்துல ஒரு சாண் ஏறியிருக்குதான்னு அளந்து பாக்கச் சொல்லுங்க” என்றாள் அவள், புருஷனிடம்.

“நெலத்தை ஆரு கேட்டா? ஊட்டைக் கேக்கறேன்.”

ஊர்ப் பெரியவர் தீர்த்தகிரியின் பாவும் அந்த மழையில்தான் நனைந்திருந்தது. பதினெட்டாவது அடியில் குறுக்குச் சுவர், அதற்கு அப்பால் காளியண்ணனுக்கு, சுவரை இடிக்கிறவருக்கு உரிமை போச்சு என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

ஒரு விரற்கடைகூட அவள் பக்கம் போய்விடக் கூடாது என்று காளியண்ணன் கொத்தனாரை நம்பவில்லை. வீடு நீண்டு கிடந்த ஒரு நாளில் தன் தறியையும் நூலையும் செங்கல்லையும் உள்ளே கொண்டுபோய் அந்தப் பக்கம் நின்றே சுவரை எழுப்பினான். இவ்வளவு நீள வீட்டுக்குப் பின்னால் ஏரிப் பக்கம் ஒரு வாசல் இல்லாமலா இருக்கும் என்பது அவன் கணக்கு. வாசல் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு அவன் திரும்பி வருவதற்குள் சுவர் காய்ந்துவிட்டது. அவன் மனைவி ராஜம்மாள் ஓடிவந்து சுவரில் அறைந்தாள்.

“இடிச்சுப்போட்டு வெளிய வாங்க!”

“இடிச்சா அவளுக்குப் போயிருமுல்ல!”

“அப்ப வழி உடச் சொல்லி அவளைக் கேளுங்க.”

தம்பி மனைவியிடம் வழி கேட்பதைவிட உள்ளேயே இருப்பது அவனுக்குச் சுலபமாகப் பட்டது. ராஜம்மாள் சுவரைத் திட்டிவிட்டு ஆட்டையாம்பட்டிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த ஐப்பசியில் மாரக்காள் பாவு இழுக்க இடமில்லாமல் ஊரோடு ஊராகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சுவருக்கு அப்பால் தறி சடசடத்தது. அவள் வீடு, அவள் நீளம், ஓட்டின் வழியாக இறங்கும் வெயிலும் மழைத்தண்ணீரும்கூட அவளுடையவை. வாழ்நாளில் அவள் யாரையும் அப்படி வெறுத்ததில்லை.

ஒருநாள் தறிச் சத்தம் நின்றது. கையோடு கொண்டுபோன அவல் தீர்ந்திருக்கும், பசி என்று அவளுக்குப் புரிந்தது. “செத்து நாறுனா நாறறது எம்பட ஊடு” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். சுவரில் துவாரம் விழுந்தால் இடித்ததாகிவிடும். அதனால் மண்ணெண்ணெய்ப் பீப்பாய் ஒன்றை ஒரு பக்கம் மட்டும் வெட்டித் திறந்து, கதவுக்கு இருப்பதுபோல் மேலும் கீழும் சுழல்கிற குடுமி வைத்து, கல்லைப் பெயர்க்கப் பெயர்க்கச் சுவருக்குள் செருகினாள். இந்தப் பக்கம் திறந்திருந்தால் அந்தப் பக்கம் மூடியிருக்கும். தீர்த்தகிரி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எந்த நேரத்திலும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை, ஆகவே சுவர் முழுசாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் நூலும் களியும், அரிசி கிடைக்காத வருஷத்தில் மரவள்ளிக் கிழங்கும் பீப்பாயில் சுழன்று போயின. அவன் நெய்த வேட்டிகள் சுழன்று வந்தன, சென்னிமலை விற்று ராஜம்மாளிடம் கொடுத்தான். ஒவ்வொரு போசிக் களியோடும் மாரக்காள் ஒரு வசவையும் வைத்து அனுப்பினாள். “களி கட்டி தட்டியிருக்குதுன்னு அவகிட்டச் சொல்லு” என்று காளியண்ணன் சுவரிடம் சொன்னான். பீப்பாய் ஓயாமல் கிறீச்சிட்டது.

ஒரு காலையில் அது கிறீச்சிடவில்லை. விரலால் தொட்டதும் வழுக்கிக்கொண்டு திரும்பியது. உள்ளே இரண்டாவது தட்டு ஒன்று வந்திருந்தது, குழம்பு சிந்தாமல் இருக்க அதற்கு விளிம்பும் வைத்திருந்தான் காளியண்ணன். மாரக்காளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது, ஏனென்றால் அது நன்றாக இருந்தது. ஒன்றும் வைக்காமலே ஒருமுறை சுழற்றிப் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ திருப்பிச் சுழற்றினார்கள். அடுப்பில் களி அடிப்பிடித்தது. அன்று சாயங்காலமே தண்ணீர்ச் சொம்புக்கு ஒரு வளையம் யோசித்துத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட ஆரம்பித்தாள். அடுத்த மாதம் அவன் அதற்கு மூடி செய்து அனுப்பினான். பகை அப்படியே இருந்தது, பீப்பாய் மட்டும் அழகாகிக்கொண்டே போனது.

அறுபத்தேழாம் வருஷம் ஊரில் பாவு நூலை மெஷினில் சுற்ற ஆரம்பித்தார்கள். மழைக்கு யாரும் பயப்படவில்லை, நீளமான வீடு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. தீர்த்தகிரியே கடப்பாரையோடு வந்தார். “பழைய தீர்ப்பு செல்லாதுங்க, அம்மிணி. இடிச்சுப்போடு. ஊடு பூராவும் உன்னுதுதான்” என்றார். காளியண்ணனும் வெளியே வரலாம், யாரும் யாரிடமும் வழி கேட்க வேண்டாம் என்றார்.

இத்தனை வருஷம் அவள் காத்திருந்தது இதற்குத்தான். மாரக்காள் கடப்பாரையை வாங்கி ஓங்கினாள், பீப்பாயைப் பார்த்தாள், இறக்கினாள்.

“சொவத்தை இடிச்சா இதை எங்க வெக்கறதுன்னு கேளுங்க” என்றாள் புருஷனிடம்.

சென்னிமலை கேட்பதற்குள் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. “அதைத்தான் நானும் ரோசன பண்றேன்னு சொல்லு.”

மாரக்காள் கடப்பாரையைத் தீர்த்தகிரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, களி ஆறிப்போகும் என்று போசியை வைத்துப் பீப்பாயைச் சுழற்றினாள்.