உப்பு பங்களாவுக்கு ஒரு டார்ச்

ஷட்டரை இறக்கச் சொன்னபோது பக்தவத்சலத்துக்கு முதலில் விளங்கவில்லை. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் அவருடைய எலக்ட்ரிக்கல் கடை. வெளியே உச்சிவெயில். கண்ணாடி மேசை மேல் ஏழெட்டு டார்ச் லைட்டுகளை எடுத்துப் பரப்பியிருந்தார். எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஞானம்பாள் சொன்னாள்: "வெயில்ல எல்லா டார்ச்சும் ஒண்ணுதாங்க. இருட்டுல பார்த்தாத்தானே தெரியும்? கொஞ்சம் ஷட்டரை இறக்குறீங்களா?"

அவர் அவளையும் பக்கத்தில் நின்ற அவள் கணவர் தாமோதரனையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தினி வருசத்துல டார்ச் வாங்க வந்து ஷட்டர இறக்கச் சொன்ன மொத ஆளு நீதாம்மா," என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

ஷட்டர் தரையைத் தொட்டதும் அவளுக்குக் கடை இல்லாமல் போயிற்று. மற்றவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். இடுக்கில் கசியும் வெளிச்சத்தில் ஃபேன் பெட்டிகளும் ஒயர் சுருள்களும் மெல்லத் துலங்கும். அவளுக்கு இப்போதெல்லாம் இருட்டு பழகுவதில்லை. முதலில் கதவு நிலையில் தோள் இடித்துக்கொண்டபோது அவசரம் என்று நினைத்தாள். குழம்பை இலைக்கு வெளியே ஊற்றியபோது கவனக்குறைவு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சென்னைக்குப் போய்க் காட்டியபிறகுதான் தெரிந்தது, பார்வை ஓரங்களிலிருந்து உள்பக்கமாகக் கரைந்துகொண்டு வருகிறது என்று. இப்போது ஒரு குழாய் வழியே பார்ப்பதுபோல நடுவில் மட்டும் உலகம் இருந்தது. அது தெளிவாகத்தான் இருந்தது.

முதல் டார்ச்சை அடித்தார் பக்தவத்சலம். எதிர்ச் சுவரில் தட்டளவுக்கு ஒரு வெள்ளை வட்டம் விழுந்தது. "ஜூம் மாடல்மா. ஏரிக்கரைல நின்னு அடிச்சியானா அந்தாண்ட கரைல நாய் படுத்துகினு கீதா நின்னுகினு கீதான்னு சொல்லிரலாம்."

"வேண்டாங்க. இந்த வட்டத்துக்குள்ளதான் நான் தினமும் குடியிருக்கேன்."

கடைக்காரருக்கு அது புரியவில்லை. தாமோதரன் வேறொன்றைக் காட்டச் சொன்னார். அவர் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு திருகாணியைக்கூட சோதிக்காமல் உள்ளே விடாத மனிதர். ஒரு வாரமாக ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, எங்கெங்கோ வெளிநாட்டில் பையன்கள் பாழடைந்த தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் புகுந்து அலையும் வீடியோக்களைப் பார்த்துவந்தார். டார்ச் கையடக்கமாக இருக்கவேண்டும், உடம்பு அலுமினியமாக இருக்கவேண்டும், விழுந்தால் அணையக்கூடாது, தண்ணீர் இறங்கக்கூடாது, ஆள் ஒன்றுக்கு ஒன்று வேண்டும் என்றெல்லாம் அவளுக்குப் பாடம் நடந்திருந்தது. எல்லாம் சரி, வெளிச்சம் எப்படி இருக்கவேண்டும் என்பது மட்டும் அந்தப் பையன்கள் சொல்லவில்லை. அதை அவள்தான் சொல்லமுடியும்.

அடுத்தது கண்ணைக் கூசவைத்தது; சுவரில் மாட்டியிருந்த காலண்டர் வெறும் வெள்ளைத்தாளாகிவிட்டது. அதற்கடுத்தது விரல் நீளத்தில், குண்டாக, வாயில் பால்நிற மூடியோடு இருந்தது. அதை அடித்ததும் மஞ்சள் வெளிச்சம் அதட்டாமல் அறை முழுக்கப் பரவியது. அவள் தலையை மெதுவாகத் திருப்பினாள். காலண்டர் பிள்ளையார், ஏணி, ஒட்டடைக்கோல், பக்தவத்சலத்தின் நரைத்த மீசை. திரும்பிய இடமெல்லாம் ஏதாவது இருந்தது.

"இதுதான்," என்றாள்.

தாமோதரன் அதை வாங்கித் தோளுயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போட்டார். எரிந்தது. மறுபடி போட்டார். பிறகு கடையில் இருந்த குடிதண்ணீர் ஜக்கில் முக்கினார்.

"சாரே, பில்லு போட்றதுக்குள்ள அத்த கொல பண்ணிருவ போலகீதே!" என்றார் பக்தவத்சலம். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. அதே மாதிரியில் இரண்டு வாங்கிக்கொண்டார்கள்.

உப்பு பங்களாவை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று அவள் ஒரு காலையில் காபி குடிக்கும்போது சொல்லியிருந்தாள். கல்யாணமாகி அவர்கள் இந்தப் பக்கம் வந்தபோது குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை. புதுப்பட்டினத்தைத் தாண்டி, கால்வாய்க்கரையில் ஏதோ ஒரு காலத்து உப்பு வியாபாரி கட்டிய பங்களாவில் மாடியறை ஒன்றை தாமோதரன் வாடகைக்குப் பிடித்தார். கீழே காலிக் கிடங்கு. அதை ஒட்டிய தாழ்வாரத்தில் காவல்காரர் கருப்பனும் அவர் மனைவி பாப்பாவும் இருந்தார்கள். மாடியறைக்கு நீலச் சுண்ணாம்பு அடித்திருந்தது. சுவர் ஓயாமல் உப்புப் பூத்து உதிரும். படுத்து எழுந்தால் தலைமுடியில் நீலத்தூள் இருக்கும். தீக்குச்சி நமுத்துப்போய், அடுப்பு மூட்டுவதற்குள் பாதிப் பெட்டி காலியாகும். ஒரு வருஷம்தான் அங்கே இருந்தார்கள். பிறகு குவார்ட்டர்ஸ், கேஸ் அடுப்பு, மகள் அனு, அவள் பள்ளிக்கூடம் என்று வாழ்க்கை ஒழுங்காகப் போயிற்று. ஆனால் இருபத்திரண்டு வயது ஞானம்பாள் என்று ஒருத்தி இருந்தாளே, அவள் குவார்ட்டர்ஸுக்கு வரவே இல்லை. அந்த நீல அறையிலேயே தங்கிவிட்டாள் என்று அவளுக்குத் தோன்றும். கண் இருக்கும்போதே அவளை ஒருதரம் போய்ப் பார்த்துவிடவேண்டும். இதை அவரிடம் இப்படிச் சொல்லவில்லை. "சும்மாதான்," என்றாள்.

மறுநாள் காலை பஸ் பிடித்தார்கள். திருக்கழுக்குன்றத்தில் மலைக்குப் போகிற கூட்டம் இறங்கியதும் ஜன்னலோரம் கிடைத்தது. புதுப்பட்டினத்தில் இறங்கி ஆட்டோ பேசினார்கள். ரஞ்சித்குமார் என்ற அந்த ஓட்டுநருக்கு இடம் தெரிந்திருந்தது, அதனாலேயே தயங்கினான்.

"அங்க இன்னா சார் கீது? பாம்பும் வௌவாலும்தான். பசங்ககூட போறதில்ல."

"நாங்க அங்க குடியிருந்தோம்பா," என்றாள் ஞானம்பாள்.

அவன் திரும்பி அவளை நன்றாகப் பார்த்தான். "அந்த வூட்டுலயா? சரி, குந்தும்மா. நீங்க வர்ற வரைக்கும் வெளிய நிக்கறேன். எதுனா ஒண்ணுன்னா சத்தம் குடுங்க."

வேலிக்கருவை முட்புதருக்குள் பங்களா பாதி மறைந்திருந்தது. வாசல் கதவை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கிடங்குக்குள் நுழைந்ததும் பழைய ஈர வாடை முகத்தில் அடித்தது. அவள் டார்ச்சை அடித்து, தலையை இடமிருந்து வலமாக மெல்லத் திருப்பினாள். செங்கல் தெரியும் சுவர், வௌவால் எச்சம், காலி பாட்டில்கள், அப்புறம் மாடிப்படி. மூன்றாம் படிக்கு மேல் படி இல்லை. அங்கிருந்து மாடி வரைக்கும் வெறும் காற்று.

மேலே மாடித்தளத்தில் பெரிய ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியாக அவள் வெளிச்சத்தை நிமிர்த்தினாள். நீலம் தெரிந்தது. அவள் நினைத்திருந்ததைவிட வெளிறிய நீலம். அதில் ஒரு துண்டு, அப்புறம் இன்னொரு துண்டு என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தாள். விட்டத்தில் கொக்கி. அதன் பக்கத்தில் அரசமரத்து வேர் ஒன்று சுவரைப் பிளந்துகொண்டு பாம்பு மாதிரி இறங்கியிருந்தது. அலமாரி இருந்த மூலையில் வானம்.

"பார்த்தியா ஞானம், எல்லாம் அப்படியே இருக்கு," என்றார் தாமோதரன்.

அவர் குரல் எப்படி ஒலித்ததென்று மட்டும் அவள் கவனித்தாள். ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதும் ரயிலில் அவர் இதே குரலில்தான் சொல்வார்: அப்படியேதான் இருக்காம், பயப்பட ஒண்ணுமில்லையாம்.

"சுரங்கத்துக்குப் போவோம்," என்றாள்.

"சுரங்கமா? வேண்டாம். இதுவே போதும்."

அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள். கிடங்கின் பின்சுவரில் இருந்து கால்வாய்த் துறை வரைக்கும், கரைக்கு அடியில், செங்கல் வளைவாகக் கட்டிய வழி அது. மழைக்காலத்தில் உப்பு மூட்டை நனையாமல் படகுக்குக் கொண்டுபோவதற்காகக் கட்டியது என்று கருப்பன் சொல்லியிருக்கிறார். நடுவில் ஒரு திருப்பம் உண்டு. அங்கே வந்துவிட்டால் இரண்டு பக்கத்து வெளிச்சமும் தெரியாது.

அவர்கள் அங்கே குடியிருந்த வருஷத்துப் புயலில் பட்டப்பகல் மை மாதிரி இருண்டு, மாடி ஓடுகள் பறந்தபோது, கருப்பன் ஓடிவந்து அவர்களை இங்கேதான் கூட்டிவந்தார். பாப்பா ஒரு கையில் கஞ்சிப்பானையும் இன்னொரு கையில் ஞானம்பாளின் முந்தானையுமாகப் பிடித்துக்கொண்டு, "எங்கூட வாக்கா, ஒண்ணும் ஆவாது," என்று இழுத்துப்போனாள். நால்வரும் திருப்பத்தில் குந்தியிருந்தார்கள். வெளியே கடல் கரைக்கு வந்துவிட்டதுபோல இரைச்சல். பானை ஒன்று, குவளை ஒன்று. அதே குவளை நாலு பேர் வாய்க்கும் போய்வந்தது. ஊரிலிருந்த மாமியார் கேட்டால் என்ன ஆகும் என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கச் சிரிப்பு. பாப்பாவுக்கும் தொற்றிக்கொண்டது. மற்றவர்கள் எதிரில் பெண்டாட்டி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத தாமோதரன் பயத்தில் அவள் கையைப் பிடித்தவர், புயல் ஓயும்வரை விடவில்லை. கருப்பனும் பாப்பாவும் பிற்பாடு வேலை தேடி எங்கோ போய்விட்டார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது தரையில் சேறு வழுக்கியது. தாமோதரனின் முழங்கால் முன்போல இல்லை. ஒரு கையை அவள் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். திருப்பத்தில் அவள் நின்றாள்.

"உங்க டார்ச்சையும் அணைங்க."

"எதுக்கு?"

"சும்மா. ஒரு நிமிஷம்."

அணைத்தார். அவளும் அணைத்தாள். அவர் உறைந்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அவர் கையைத் தோளிலிருந்து மெல்ல எடுத்து சுவர்மேல் வைத்துவிட்டு அவள் நடந்தாள். செங்கல்லின் சில்லிப்பு உள்ளங்கையில் ஓடியது. ஓர் இடத்தில் காரை பெயர்ந்திருந்தது, ஓர் இடத்தில் பாசி. இடப்பக்கக் கன்னத்தில் காற்று பட்டது. கால்வாய் அந்தப் பக்கம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் தினமும் நடுராத்திரி மாதிரி வந்து கவிகிற பயம் அல்ல இது. இதில் செய்வதற்கு ஏதோ இருந்தது.

"ஞானம்?"

அவள் இன்னும் இரண்டு அடி எடுத்துவைத்தாள்.

"ஞானம், எங்க இருக்க? எனக்கு ஒண்ணும் தெரியல."

அந்தக் குரலில் ஸ்டோர்ஸ் ஆபீசர் இல்லை. புயலில் கையைப் பிடித்த இளைஞன் இருந்தான்.

"இங்கதான் நிக்கிறேன். லைட்டைப் போடாதீங்க. சுவத்தைத் தடவிக்கிட்டே வாங்க."

சேற்றில் செருப்பு உரசும் சத்தம். அவர் பெருமூச்சு. கடைசியில் அவர் விரல்கள் அவள் முழங்கையில் முட்டி, இறங்கி, கையைப் பற்றின.

"டாக்டர் என்கிட்ட தனியா சொன்னார்மா," என்றார். "முழுசாப் போயிடும்னு. எப்போன்னு அவரால சொல்ல முடியலையாம். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

"என்கிட்டயும் சொன்னார்."

"எப்போ?"

"நீங்க மருந்து வாங்கப் போனப்போ. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் நானும்."

அவர் அழுதார். சத்தமில்லாமல் அழுதாலும் கை வழியாகத் தெரிந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. வளைவு மேலிருந்து எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு இருவரும், அவள் முன்னாலும் அவர் பின்னாலுமாக, காற்று வந்த பக்கம் நடந்தார்கள். கொஞ்ச தூரத்தில் அவளுடைய சிறிய வட்டத்துக்குள் சாம்பல் நிறம் வந்தது, அப்புறம் பச்சை, அப்புறம் தகதகவென்று கால்வாய்.

துறையின் படிகளில் இரண்டு மட்டும் மிஞ்சியிருந்தன. மேல்படியில் உட்கார்ந்தார்கள். கீழே இடுப்பளவு கலங்கல் தண்ணீரில் மூன்று பெண்கள் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். இறால் போடுவதற்கு ஆளுக்கொரு ஓலைப்பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தோள்வரை தண்ணீரில் அமிழ்த்திய கைகளால் சேற்றைத் துழாவியபடி மெல்ல நகர்ந்தார்கள். பங்களாவின் வயிற்றிலிருந்து சேறும் சகதியுமாக வெளிப்பட்ட இந்த வயசான ஜோடியைப் பார்த்ததும் ஒருத்தி திகைத்து நின்றாள். வாயில் பறி இருந்ததால் புருவத்தைத் தூக்கி என்னவென்று கேட்டாள். ஞானம்பாளும் புருவத்தைத் தூக்கிச் சிரித்தாள். அவளும் பறியைக் கடித்தபடியே சிரித்தாள். அதற்குள் தண்ணீருக்கடியில் அவள் கைக்கு எதுவோ தட்டுப்பட்டிருக்கவேண்டும். முகம் சட்டென்று நிலைத்தது. பார்வை எங்கோ கடல் பக்கம் இருக்க, கை மட்டும் மேலே வந்து, துள்ளிய இறாலைப் பறிக்குள் போட்டுவிட்டு, மறுபடி தண்ணீருக்குள் போயிற்று.